நானூற்றுப் பன்னிரண்டு கிராம்

அத்தியாயம் 7

"வண்டி கனமா இருக்கு மாவிஸ்."

போனில் யோலண்டா கிசுகிசுத்தாள். கிசுகிசுப்பது அவள் சுபாவமில்லை. லாங்ஸ்டன் ராக்கெட் கம்பெனியில், மேலே போகிற ஒவ்வொரு சாமானையும் எடைபோட்டுக் கையெழுத்துப் போடுகிறவள். அவள் குரல் உயர்ந்தால் மேனேஜர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

"எந்த வண்டி?"

"ஊரே பேசுதே, அந்த மஞ்சள் வண்டிதான். புதுசா ஃபாக்டரியிலேர்ந்து வந்தப்ப எடை எவ்வளவு, நாங்க கழற்றினது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு நிக்கணும்னு கணக்கு இருக்கு. தராசு கூடுதலாக் காட்டுது. மூணு தடவை போட்டுட்டேன்."

"எவ்வளவு கூட?"

"நானூத்திப் பன்னெண்டு கிராம்."

மாவிஸ் ட்ரெட்வே நாற்காலியை விட்டு எழுந்தாள்.

அவள் முதுகுக்குப் பின்னால் சுவரில் பதினான்கு மாதமாக ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. விபத்து விசாரணை அறிக்கையின் முப்பத்தொன்றாம் பக்கம். திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, மனப்பாடம். கருவி எண் 217. முக்கால் அங்குல ஸ்பானர். எடை 412 கிராம். ரோனி ட்ரெட்வேயின் பெட்டியிலிருந்து காணாமல் போனது. ஆக்சிஜன் குழாய்க்குள் மறந்து விடப்பட்டிருக்கலாம்.

எஞ்சின் சோதனையில் பிடித்த தீ அவள் தம்பி ரோனியை ஒரு தடவைதான் கொன்றது. அந்த 'இருக்கலாம்' தினமும் கொன்றுகொண்டிருந்தது.

"எப்ப மூடுறாங்க?"

"நாலு மணிக்கு. ராக்கெட் தலைக்கூம்பு ரெண்டு பாதியையும் சேர்த்து, பத்திரிகைக்காரங்க முன்னாடி மூடிடுவாங்க. அப்புறம் ஆண்டவனே வந்து கேட்டாலும் திறக்கமாட்டாங்க. முதலாளி லாங்ஸ்டன் என்ன சொல்றான் தெரியுமா? எதிர்ப்பக்கம் ஈயத்தை ஒட்டி சமமாக்கிட்டு வாயை மூடிக்கிட்டு இருன்னு சொல்றான்."

"ஒட்டாதே. வர்றேன்."

வெளியே வராந்தாவில் அவளுடைய உதவியாளன் டியூவி ஒரு கம்பிக் கூடையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். முன்னே சதுப்பு நிலத்தில் சுற்றுலாப் படகு ஓட்டியவன். முதலை பார்க்க வந்த கூட்டம் அவன் வாயைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். கூடைக்குள் ஒரு டஜன் நீல நண்டுகள் கால்களை உரசிக்கொண்டிருந்தன.

"பாஸ், இதைக் கட்டினவன் மனுஷனா? கம்பியைப் பிரிக்கத் திருப்பினா இன்னும் இறுகுது. நண்டு என்னைப் பார்த்துச் சிரிக்குது."

"ரஸ் வாசல்ல வச்சுட்டுப் போயிருக்கான். அவன் இடதுகைக்காரன். நீ திருப்புறதுக்கு எதிர்ப்பக்கம் திருப்பணும்."

டியூவி எதிர்ப்பக்கம் திருப்பினான். கம்பி வெண்ணெயாகப் பிரிந்தது. நுனி கூட விரலைக் குத்தவில்லை, உள்பக்கமாக மடித்து விடப்பட்டிருந்தது. "நண்டுக் கூடைக்கு இவ்வளவு மரியாதையா!" என்றான்.

ரஸல் டீக் லாங்ஸ்டன் கம்பெனியின் கருவி அறைத் தலைவன். ரோனிக்கு மேலதிகாரியாக இருந்தவன். அடக்கத்துக்குக் கம்பெனியிலிருந்து வந்த ஒரே ஆள். அதற்குப் பிறகு வாரம் தவறாமல் நண்டோ இறாலோ கொண்டுவந்து வைத்துவிட்டு, "விட்டுடு மாவிஸ், போனவன் போயிட்டான்" என்று சொல்லிவிட்டுப் போவான். அவள் விட்டதில்லை. ஆனாலும் அவன் வருவது அவளுக்குப் பிடித்திருந்தது.

"நண்டை ஐஸ்ல போடு. கிளம்பு."

"எங்க பாஸ்?"

"தம்பியோட ஸ்பானர் கிடைச்சிருக்கு."

ஆற்றுப் பாலத்தில் இப்போதே கூட்டம் சேர ஆரம்பித்துவிட்டது. ராக்கெட் கிளம்ப இன்னும் மூன்று நாள் இருக்கிறது. அதற்குள் மடக்கு நாற்காலி, ஐஸ்பெட்டி, டெலஸ்கோப் என்று இடம் பிடித்தாகிவிட்டது. பாலத்தின் முகப்பில் நான்கு மாடி உயரத்துக்கு விளம்பரப் பலகை. கருப்பு வானத்தில் மூடியில்லாத மஞ்சள் கார், ஓட்டுநர் இருக்கையில் கிரேடி லாங்ஸ்டன், முப்பத்திரண்டு பல்லும் தெரிய.

ராக்கெட் விடுகிறவனும் லாங்ஸ்டன்தான், கார் விற்கிறவனும் லாங்ஸ்டன்தான். சொந்தக் காரைச் சொந்த ராக்கெட்டில் ஏற்றிச் சூரியனைச் சுற்ற விட்டால், உலகத்தின் அத்தனை தொலைக்காட்சியும் சும்மாவே அவன் கடைக்கு விளம்பரம் செய்யும். மூளைக்காரன்தான், அதில் சந்தேகமில்லை. மாவிஸ் தினமும் காலையில் இந்தப் பலகைக்கு எதிரே நின்றுதான் காப்பி குடிப்பாள். ஆத்திரம் ஆறிவிடக் கூடாதே என்கிற கவலை அவளுக்கு.

டியூவி அவித்த வேர்க்கடலையைத் தோலோடு வாயில் போட்டு உறிஞ்சினான். "நானூத்திப் பன்னெண்டு கிராம்னா என்ன வேணா இருக்கலாம் பாஸ். லாங்ஸ்டனோட மனசாட்சியைக் கழற்றி டிக்கியில வச்சிருக்கலாம்."

"அது அவ்வளவு எடை வராது."

"சரி, ஸ்பானர்னே வச்சுக்குவோம். அது எப்படி அவன் கார்ல ஏறும்?"

"ரோனி அன்னிக்கு மத்தியானம் எனக்குப் போன் பண்ணினான். 'முதலாளி வண்டி கிளம்பலை, பேட்டரி முனை கழண்டிருக்கு, என்னை முறுக்கச் சொல்லிக் கூப்பிடுறாங்க. இங்க வால்வு சரியில்லைன்னு நாலு நாளாக் கத்துறேன், அதைக் கேக்க ஆளில்லை. அவன் பேட்டரிக்கு மட்டும் ஆள் வேணும்.' இதுதான் அவன் என்கிட்ட கடைசியாப் பேசினது. ரெண்டு மணிக்கு எஞ்சின் சோதனை. ரெண்டு நாப்பதுக்கு அவன் இல்லை."

"இதை விசாரணையில சொன்னீங்களா?"

"சொன்னேன். லாங்ஸ்டன் பைபிள் மேல கை வச்சு, 'என் கார் அந்த வாரம் முழுக்க ஜார்ஜியா மாநிலத்துல இருந்தது'ன்னு சொன்னான். முடிஞ்சுபோச்சு. பல்லிளிக்கிறவன் சத்தியம் செஞ்சா எடுபடுது. அக்கா அழுதுகிட்டே சொன்னா எடுபடலை."

டியூவி கடலைத்தோலை வெளியே துப்பினான். "ஸ்பானர் கார்ல இருந்தா குழாய்க்குள்ள இருந்திருக்க முடியாது. அப்ப ரோனி மேல தப்பில்லை, வால்வு மேலதான் தப்பு. அதனால வண்டியையே வானத்துக்கு அனுப்பிடுறான். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறவனைப் பார்த்திருக்கேன் பாஸ். ராக்கெட்ல ஏத்துறவனை இப்பத்தான் பார்க்கிறேன்."

"நாலு மணிக்குள்ள அவன் கழுத்தைப் பிடிக்கணும்."

"பிடிச்சு?"

லாங்ஸ்டன் கூண்டில் நிற்பதை அவள் ஆயிரம் தடவை கற்பனை செய்து பார்த்திருக்கிறாள். ஆனால் அவளுக்கு வேண்டியிருந்தது அதைவிடச் சின்ன விஷயம். இந்தக் கரையில் ராக்கெட் கட்டுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தலைக்கூம்பை மூடும் முன், அதன் உள்பக்கத்தில், வேலையில் செத்துப்போன கூட்டாளிகளின் பெயர்களை மை பேனாவால் எழுதுவார்கள். யாரும் பார்க்கப் போவதில்லை, ஆனாலும் எழுதுவார்கள். குடித்துவிட்டு ஏணியிலிருந்து விழுந்தவன் பெயர்கூட அங்கே உண்டு. ரோனியின் பெயர் மட்டும் இல்லை. கருவியை உள்ளே மறந்தவன் பெயரைக் கருவியால் பிழைக்கிறவர்கள் எழுதமாட்டார்கள்.

"அவன் பேர் அங்க வரணும்" என்றாள். "அதை வரவிடாமப் பண்ணினவன் அந்த எழுத்து காயறதுக்குள்ள நாசமாப் போகணும்."

டியூவி பாதிக் கடலை மிச்சமிருந்த பொட்டலத்தை மடித்து ஓரமாக வைத்தான். அவனைப் பொறுத்தவரை அது ஒரு சாதனை.

கம்பெனி வாசலில் மாவிஸின் அட்டை வேலை செய்தது. அந்த ராக்கெட்டுக்கு இன்ஷூரன்ஸ் கொடுத்தவர்களுக்கு அவள் வருஷக்கணக்காகத் துப்பறிகிறவள். எடையில் வித்தியாசம் வந்தால், மூடும் முன் திறந்து பார்க்க அவர்கள் ஆளுக்கு உரிமை உண்டு. எடைக்காரி யோலண்டா எழுத்தில் கேட்டிருந்தாள். தடுக்க யாராலும் முடியவில்லை.

ஆனால் ராக்கெட் சாமான்களைத் தூசி படாமல் பூட்டுகிற சுத்தக் கூடத்துக்கு முன்னால் இன்னொரு வாசல் இருந்தது. அங்கே ஒரு மேஜை, ஒரு தடித்த புத்தகம், அதற்குப் பின்னால் எஸ்ரா. கூடத்துக்குள் போகிற ஒவ்வொரு உலோகத் துண்டையும் எழுதி, வரும்போது எண்ணிப் பார்த்துக் கோடு அடிக்கிறவன். சிரித்தால் எண்ணிக்கை தவறிவிடும் என்று நினைக்கிற முகம்.

"பையில என்ன?" என்றான் டியூவியைப் பார்த்து.

"பாட்டில் திறப்பான் ஒண்ணு. அவசரத்துக்கு."

"வெளியே வை. மோதிரம்?"

"எவளும் இன்னும் போடலை."

எஸ்ரா எழுதினான். பிறகு பக்கத்தில் கதவு நிலை போல நின்ற உலோகச் சோதனைச் சட்டகத்தை நோக்கிக் கையைக் காட்டினான். "திரும்பி வரும்போது இதுக்குள்ள நடந்து வரணும். ஆணி வச்சிருந்தாலும் கத்தும்."

"உள்ளே போகாத சாமான் வெளியே வந்தா?" என்று மாவிஸ் கேட்டாள். பதில் அவளுக்குத் தெரியும். ரோனி சொல்லியிருக்கிறான்.

"சிவப்பு விளக்கு. எங்கேர்ந்து வந்துச்சு, எப்படி உள்ளே போச்சுன்னு கருவி அறைத் தலைவர் இந்தப் புத்தகத்துல எழுதிக் கையெழுத்துப் போடணும். அதுவரைக்கும் இந்தக் கட்டடத்துல ஒரு திருகாணிகூட நகராது. முதலாளிக்கும் இதுதான் சட்டம்."

வெள்ளை அங்கியும் தலைமூடியும் மாட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். மணி இரண்டரை.

கூடத்தின் நடுவில், இரண்டாகப் பிளந்து நின்ற பிரமாண்டமான கூம்புக்கு மத்தியில், மேடைமேல் மஞ்சள் கார் சாய்ந்து நின்றது. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அதற்கு அப்பால் நாற்பது பத்திரிகைக்காரர்கள், கேமராக்கள், நீள மேஜையில் பெரிய பானைகளில் பீன்ஸ், பக்கத்தில் சோள ரொட்டி. ராக்கெட் நல்லபடியாகப் போன பிறகு எல்லோருமாக உட்கார்ந்து பீன்ஸ் சாப்பிடுவது இங்கே பழைய சம்பிரதாயம். படம் எடுக்க நன்றாயிருக்குமே என்று லாங்ஸ்டன் மூன்று நாள் முன்னாலேயே சமைக்கச் சொல்லிவிட்டான். தொழிலாளிகள் ஒருவரும் தட்டைத் தொடவில்லை. பிள்ளை பிறக்கும் முன் பெயர்சூட்டு விருந்து வைக்கிறவன் வீட்டில் யார் சாப்பிடுவார்கள்?

ரஸல் டீக்தான் முதலில் பார்த்தான். விறுவிறுவென்று வந்தான். தலைமூடிக்குள் முகம் வெளுத்திருந்தது.

"நீ எதுக்கு இங்க வந்தே மாவிஸ்? அவன் உன்னைப் பார்த்தா வம்பாயிடும். போயிடு. சாயங்காலம் நானே வீட்டுக்கு வந்து பேசுறேன்."

"இன்னிக்குப் பேச்சு இல்லை ரஸ். எடைதான்."

அதற்குள் லாங்ஸ்டன் வந்துவிட்டான். விளம்பரப் பலகையில் இருந்த அதே பற்கள். சட்டைக் காலரில் சின்ன மைக். உள்ளே பேசுவதெல்லாம் கண்ணாடிக்கு அப்பால் ஒலிபெருக்கியில் கேட்கும்படி அவனே ஏற்பாடு செய்திருந்தான். தன் குரல் அவனுக்கு அவ்வளவு பிரியம்.

"ட்ரெட்வே மேடம்! இன்னும் அதை விடலையா நீங்க? பதினாலு மாசம் ஆச்சு. நான் சூரியனைச் சுத்தப் போறேன், நீங்க என்னையே சுத்திக்கிட்டு இருக்கீங்க."

"உங்க வண்டி நானூத்திப் பன்னெண்டு கிராம் கூட நிக்குது. திறந்து பார்க்கணும்."

மறுப்பான், கத்துவான், வக்கீலைக் கூப்பிடுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். லாங்ஸ்டன் தோளைக் குலுக்கினான்.

"தாராளமா. வேணும்னா ஸ்டியரிங்கையும் கழற்றிப் பாருங்க. பத்திரிகைக்காரங்களுக்கும் பொழுது போகும்."

மாவிஸுக்குச் சுருக்கென்றது. ஒளித்து வைத்தவன் இப்படிப் பேசமாட்டான். இருபது வருஷமாகப் பொய்யர்களைப் பார்க்கிறவள் அவள். இவன் பொய்யன்தான், ஆனால் இந்த நிமிஷம் பொய் சொல்லவில்லை. அப்படியானால் இத்தனை நேரம் அவள் போட்ட கணக்கில் எங்கோ ஓட்டை.

"வேண்டாம் சார்" என்றான் ரஸல் அவசரமாக. "இப்ப ஒரு மூடியைத் திறந்தா எல்லாத்தையும் மறுபடி சோதிக்கணும். நாள் தள்ளிப்போகும். ஈயத்தை ஒட்டிடலாம்."

பாவம், என்னைக் காப்பாற்றப் பார்க்கிறான் என்று மாவிஸ் நினைத்தாள்.

"எல்லாத்தையும் திறக்க வேண்டாம்" என்று யோலண்டா முன்னால் வந்தாள். "தராசுக்கு நாலு கால். மூணு கால் சரியா இருக்கு. பின்பக்கம் இடது கால்லதான் மொத்தக் கூடுதலும். அதுக்கு நேர் மேல இருக்கிறது ஒண்ணே ஒண்ணு. பேட்டரிக் குழி."

இருக்கைக்குப் பின்னால் நாலு திருகாணி போட்ட ஒரு சின்ன மூடி. யோலண்டா கழற்றினாள். பேட்டரி எப்போதோ எடுக்கப்பட்டுக் குழி காலியாக இருந்தது. காலி என்றா சொன்னேன்? குழியின் பக்கச்சுவரில், ஒரு தாங்கியோடு சேர்த்துக் கம்பியால் கட்டப்பட்டு, ஒரு ஸ்பானர். கைப்பிடியில் பொறித்த எண் தெளிவாகத் தெரிந்தது.

217.

மாவிஸ் அதைத் தொடவில்லை. தொட்டால் அழுதுவிடுவாள், இவர்கள் முன்னால் அழ அவளுக்கு இஷ்டமில்லை. லாங்ஸ்டனின் முகத்தைப் பார்த்தாள். அவன் பற்கள் முதன்முறையாக உள்ளே போயிருந்தன. திகைப்பு, அசல் திகைப்பு.

"இது... இது எப்படி என் வண்டியில?"

"ஜார்ஜியாவுல முளைச்சிருக்கும்" என்றான் டியூவி. "நல்ல மண்ணு. பீச் பழம், வேர்க்கடலை, ஸ்பானர் எல்லாம் விளையும்." சொல்லிக்கொண்டே குனிந்து கம்பியைப் பிரிக்கத் திருப்பினான். இறுகியது. இன்னும் கொஞ்சம் திருப்பினான். இன்னும் இறுகியது. "என்ன கட்டு பாஸ் இது! நம்ம நண்டுக் கூடை மாதிரியே..."

அவன் வாய் பாதியில் நின்றது. கை தானாக எதிர்ப்பக்கம் திரும்பியது. கம்பி வெண்ணெயாகப் பிரிந்தது. நுனி உள்பக்கமாக மடித்து விடப்பட்டிருந்தது, விரலைக் குத்தாமல்.

மாவிஸ் மெல்லத் திரும்பினாள். ரஸல் டீக் தன் இடது கையை அங்கிக்குள் மறைக்க முயன்றுகொண்டிருந்தான்.

"யோலண்டா, பேட்டரியை எடுத்தது யாரு? சீட்டுல யார் கையெழுத்து?"

யோலண்டா காகிதத்தைப் பார்த்தாள். "ஆர். டீக். மூணு வாரம் முன்னாடி."

"ரஸ்" என்றாள் மாவிஸ். அவ்வளவுதான் சொன்னாள்.

"எடுத்துட்டுப் போயிடணும்னுதான் நினைச்சேன்" என்றான் ரஸல் தரையைப் பார்த்து. "பேட்டரிக்குப் பக்கத்துல கிடந்துச்சு. ரோனி விட்டுட்டுப் போன இடத்துலயே. பாக்கெட்ல போட்டுட்டேன். அப்புறம்தான் எஸ்ரா ஞாபகம் வந்துச்சு. உள்ளே போகாத கருவியை எப்படி வெளியே கொண்டு போறது? என் பெட்டியில வச்சா எண்ணிக்கையில ஒண்ணு கூடும். மேலே போயிட்டா யாருக்கும் எந்தக் கஷ்டமும் இல்லைன்னு திரும்ப வச்சுட்டேன்."

"எதுக்குக் கட்டினே?" என்று கேட்டான் டியூவி. அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை.

ரஸல் அவனை விசித்திரமாகப் பார்த்தான். "ராக்கெட்ல எதையும் சும்மா போடக் கூடாது. கிளம்பறப்ப உலுக்கும். எதையாவது உடைச்சிடுமே."

முப்பது வருஷக் கைப்பழக்கம். திருட்டைக்கூட ஒழுங்காகச் செய்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும்.

"அன்னிக்குச் சோதனைக்கு முன்னாடி கருவிகளை எண்ணினது நீதானே?" என்றாள் மாவிஸ். அவள் குரல் தணிந்திருந்தது. டியூவிக்கு அந்தக் குரலைத் தெரியும். ஒரு அடி பின்னால் நகர்ந்தான்.

"நான்தான். பெட்டியில 217 இருக்கிற பள்ளம் காலி. ரோனியே வந்து சொன்னான், 'ஸ்பானர் முதலாளி வண்டியில விட்டுட்டேன், சோதனையை நிறுத்து, போய் எடுத்துட்டு வந்துடுறேன்'னு. முதலாளி இவரு மைக்ல கத்திக்கிட்டே இருந்தாரு, இன்னும் ஏன் ஆரம்பிக்கலைன்னு. நான்... எல்லாம் சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டுட்டேன். அப்புறம் தீ. விசாரணையில, ஸ்பானர் குழாய்க்குள்ள இருந்திருக்குமான்னு கேட்டாங்க. வண்டியில இருந்துச்சுன்னு சொன்னா, தெரிஞ்சே பொய்க் கையெழுத்துப் போட்டேன்னு ஆயிடும். அதனால..."

"அதனால?"

"இருக்கலாம்னு சொன்னேன்."

பதினான்கு மாதமாக அந்த ஒற்றைச் சொல்லை எழுதியவன் யார் என்று மாவிஸ் தேடிக்கொண்டிருந்தாள். அவன் அவள் வீட்டு மேஜையில் உட்கார்ந்து நண்டு ஓடு உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறான். கூட இருந்தே குழி பறித்தவன். லாங்ஸ்டனை வெறுப்பது அவளுக்குச் சுலபமாக இருந்தது. இவனை வெறுக்கப் புதிதாக இடம் தேட வேண்டியிருந்தது, ஒரு நொடியில் கிடைத்தும்விட்டது.

லாங்ஸ்டனுக்குப் பற்கள் திரும்பி வந்துவிட்டன. "ஆக, தப்பு இந்த ஆளோடது! மேடம், உங்களுக்கு வேண்டிய ஆள் கிடைச்சுட்டான். போலீஸை அப்புறம் பார்த்துக்கலாம். அந்த ஸ்பானரை இருந்த இடத்திலயே வச்சு மூடியைப் போடுங்க. நாலு மணிக்குக் கூம்பு மூடியாகணும். என் வண்டி அன்னிக்கு இங்க இருந்துச்சா இல்லையான்னு எவனும் வானத்துக்குப் போய்ப் பார்க்கப் போறதில்லை."

"பாஸ்" என்றான் டியூவி சாதுவாக. "அந்தக் காலர் மைக்கை யாரும் இன்னும் அணைக்கலைன்னு நினைக்கிறேன்."

கண்ணாடிக்கு அப்பால் நாற்பது பேரும் எழுந்து நின்றிருந்தார்கள். ஒருத்தி கண்ணாடியைத் தட்டி என்னவோ கேட்டுக்கொண்டிருந்தாள். உதடு அசைவிலேயே புரிந்தது: ஜார்ஜியா? லாங்ஸ்டனின் கை காலருக்குப் போயிற்று. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை ஒலிபெருக்கி வாடகைக்கு எடுத்துக் கெட்டது.

மாவிஸ் ஸ்பானரை எடுத்தாள். குளிர்ந்திருந்தது. கூடத்தின் குறுக்கே நேராக நடந்தாள். யோலண்டா, டியூவி, ரஸல், வேலையை விட்டுவிட்டுத் தொழிலாளிகள், கடைசியில் லாங்ஸ்டன், எல்லோரும் பின்னால் வந்தார்கள். சட்டகத்துக்குள் அவள் நுழைந்ததும் அது கத்தியது. கூரையில் சிவப்பு விளக்கு சுழன்றது. ஸ்பானரை எஸ்ராவின் மேஜையில் வைத்தாள்.

"உள்ளே போகாத கருவி. எண் 217."

எஸ்ரா எண்ணைப் பார்த்தான். நீண்ட நேரம் பார்த்தான். அவனும் ரோனியைத் தெரிந்தவன். பிறகு புத்தகத்தைத் திறந்து, பேனாவை மேஜையின் மறுபக்கம் தள்ளினான். "கருவி அறைத் தலைவர் எழுதணும்."

"ரஸ், ஒரு வார்த்தை எழுதாதே!" லாங்ஸ்டனுக்கு மூச்சு வாங்கியது. "வக்கீல் வரட்டும். உன்னை நான் பார்த்துக்கறேன். சத்தியமா."

"இவரு சத்தியத்துக்கு எடை கிடையாது ரஸ், இங்கேயே தராசு இருக்கு, போட்டுப் பாரு" என்றான் டியூவி.

ரஸல் பேனாவைத் தொடவில்லை. மாவிஸைப் பார்த்தான். அவன் கண்கள் கலங்கியிருந்தன. "உன்கிட்ட எத்தனையோ தடவை சொல்லணும்னு வந்தேன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும். என்னை மன்னிச்சிடு மாவிஸ்."

"மாட்டேன்" என்றாள் அவள். "நீ சாகிற வரைக்கும் மாட்டேன், செத்தா அடக்கத்துக்கு வரமாட்டேன். மன்னிப்புக்காக எழுதுறதா இருந்தா அந்தப் பக்கத்தைக் கிழிச்சு உன் வாயில திணிப்பேன். அது உன் வேலைங்கிறதுக்காக எழுது. அன்னிக்கு எண்ணினதை எழுதாம விட்டியே, இன்னிக்கு எழுது."

எதிரே ஒரு ஸ்பானர். திறந்த புத்தகத்தில் ஒரு காலிக் கட்டம். முப்பது வருஷமாக எந்தக் காலிக் கட்டத்தையும் நிரப்பாமல் வீட்டுக்குப் போகாதவன் ரஸல், ஒரே ஒரு நாளைத் தவிர. இடது கை பேனாவை எடுத்தது.

எண்: 217. எங்கே கிடைத்தது: கிரேடி லாங்ஸ்டனின் காரில், பேட்டரிக் குழியில். எப்போதிலிருந்து: சோதனை நாள் மத்தியானத்திலிருந்து. யார் அறிவார்: நான். அன்றே அறிவேன். ரோனி ட்ரெட்வே சோதனையை நிறுத்தச் சொன்னான். நான் நிறுத்தவில்லை.

எழுதிக் கையெழுத்துப் போட்டான். லாங்ஸ்டன் புத்தகத்தைப் பிடுங்கப் பாய்ந்தான். எஸ்ரா அதை மூடி, அதன்மேல் தன் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டான். அவனைச் சுற்றிப் பதினைந்து தொழிலாளிகள் சத்தமில்லாமல் நெருங்கி நின்றார்கள். லாங்ஸ்டன் சுற்றிலும் பார்த்தான். தன் சம்பளம் வாங்குகிற ஒரு முகம்கூடத் தன்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. வெளியே தாழ்வாரத்தில் பத்திரிகைக்காரர்களின் காலடிச் சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது.

யோலண்டா மாவிஸின் கையைப் பிடித்து மறுபடி கூடத்துக்குள் அழைத்துப் போனாள். கூம்பின் உள்சுவரில் பெயர்கள் வரிசையாக இருந்தன. யோலண்டா மை பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினாள்.

"இது இப்போதைக்குப் போகாது. என்னிக்காவது போகும். எழுதுங்க."

அவர்களுக்குப் பின்னால் வந்து நின்ற ரஸல் தயங்கிக் கையை நீட்டினான். "நான் எழுதட்டுமா? ஒரே ஒரு தடவை."

"உன் கை படக் கூடாது" என்றாள் மாவிஸ்.

பெரிய எழுத்தில் எழுதினாள். ரோனி ட்ரெட்வே. மற்றப் பெயர்களைவிட இரண்டு மடங்கு பெரிது. அவள் மை காயும் வரை அங்கேயே நின்றாள்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்த பார்வையாளர் அறை காலியாக இருந்தது. எல்லோரும் லாங்ஸ்டனைச் சூழ்ந்துகொள்ள ஓடிவிட்டார்கள். "என் வண்டியைப் பத்தி இப்ப எதுவும் பேச விரும்பலை" என்று அவன் கதறுவது சுவர் தாண்டிக் கேட்டது. மாவிஸ் நீள மேஜையில் உட்கார்ந்தாள். பதினான்கு மாதமாக அவளுக்கு எதுவும் ருசித்ததில்லை. இப்போது வயிற்றைக் கிள்ளியது. பானையைத் திறந்து, தட்டு நிறைய பீன்ஸ் எடுத்துக்கொண்டு, சோள ரொட்டியைப் பிட்டாள். சூடாக இருந்தது.

டியூவி பதறிப்போனான். "பாஸ், கிளம்பறதுக்கு முன்னாடி இதைச் சாப்பிட்டா அந்த ராக்கெட் கிளம்பவே கிளம்பாதுன்னு சொல்வாங்க!"

மாவிஸ் வழித்துச் சாப்பிட்டு முடித்தாள். தட்டை அவனிடம் நீட்டினாள்.

"இன்னும் ரெண்டு கரண்டி போடு."